இரண்டாம் மொழி வகுப்பில் பேச்சுக்கு இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளிகளில் மொழிக் கல்வி குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவரும் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எத்தனை மொழி, எந்த மொழி என்பதைப் பற்றியே பெரும்பாலோர் எழுதுகிறார்கள். தாய்மொழியோடு இன்னொரு மொழியையும் கற்கும் குழந்தைக்கு என்ன கிடைக்கிறது, அது நம் வகுப்பறைகளில் ஏன் கைக்கு எட்டாமல் போகிறது என்று எழுதுவோர் குறைவு. குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆங்கில வகுப்பைப் பற்றித் தமிழாசிரியர் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். என் மாணவர்களுள் பலருக்கு நான் கற்பித்த தமிழே இரண்டாம் மொழி. அவர்கள் அதை எப்படிக் கற்றார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்ததனால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

பழைய வட ஆர்க்காடு மாவட்டம் எக்காலத்திலும் ஒரு மொழியோடு மட்டும் வாழ்ந்ததில்லை. 1911இல் அதன் வடக்கு வட்டங்களைப் பிரித்துச் சித்தூர் மாவட்டத்தில் சேர்த்தார்கள். 1960இல் எல்லையைத் திருத்தித் திருத்தணியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 1989இல் திருவண்ணாமலை தனியானது. 2019இல் எஞ்சிய மாவட்டமும் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாயிற்று. வரைபடத்தில் கோடுகள் இடம் மாறினாலும் வீட்டுக்குள் பேசும் மொழிகள் இடம் மாறவில்லை. குடியாத்தம், காட்பாடிப் பக்கத்து ஊர்களில் தெலுங்கு பேசும் வீடுகளும், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் உருது பேசும் வீடுகளும் இன்றும் நிறைய உண்டு. ஒரே பெஞ்சில் மூன்று பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால், வீட்டில் மூன்று மொழி பேசுகிறவர்களாக இருப்பது இங்கே அதிசயம் இல்லை.

அப்படியொரு ஒன்பதாம் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த, உருது பேசும் வீட்டு மாணவன் ஒருவன் விடுப்பு விண்ணப்பம் எழுதி என்னிடம் நீட்டினான். "நாம் அனைவரும் என் மாமாவின் திருமணத்திற்காக ஆம்பூர் செல்லவிருப்பதால் இரண்டு நாள் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று அதில் எழுதியிருந்தது. நான் அதைச் சத்தமாகப் படித்ததும் வகுப்பு சிரித்தது. "அப்படியானால் நாங்களும் கல்யாணத்துக்கு வரலாமா?" என்று ஒருவன் கேட்டான். அந்த மாணவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவனுடைய விண்ணப்பத்தை எல்லார் முன்னிலையிலும் படித்திருக்க வேண்டாம் என்று இன்றும் வருந்துகிறேன். ஆனால் அவன் உட்காரவில்லை. "ஐயா, நாம்னு எழுதினா என்ன, நாங்கள்னு எழுதினா என்ன? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டான்.

சிரித்தவர்களைப் பார்த்து, "பதில் சொல்லுங்கள்" என்றேன். ஒருவராலும் முடியவில்லை. பிறந்தது முதல் தமிழே பேசி வளர்ந்த பிள்ளைகள் அந்த இடத்தில் தவறு செய்ததே இல்லை. ஆகவே அங்கே ஒரு விதி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. கடைசி வரிசையில் இருந்த, தெலுங்கு பேசும் வீட்டு மாணவி ஒருத்தி எழுந்து, "எங்க வீட்டுல மனமுன்னு சொன்னா நீங்களும் சேர்த்தி. மேமுன்னு சொன்னா நீங்க இல்லாம நாங்க மட்டும்" என்றாள். இலக்கண நூல் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்ற பெயரில் கூறுவதை அந்தப் பெண் இரண்டே வரியில் சொல்லிவிட்டாள். உருதுவில் "ஹம்" என்ற ஒரே சொல்தான் இரண்டுக்கும் வருகிறது. அதனால்தான் அந்த மாணவன் தடுமாறினான். ஆங்கிலத்திலும் "வீ" என்ற ஒரே சொல்தான். அடுத்த பாடவேளை ஆங்கிலம். அந்த ஆசிரியரும் நானும் பேசிவைத்து, அன்றைய ஆங்கிலப் பாடத்தில் "வீ" வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொல்லச் சொன்னோம். "நாமா, நாங்களா?" என்று ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், கேட்பவரும் அதில் சேர்ந்தவரா என்று முன்பின் வாக்கியங்களைத் தேடினார்கள். ஆங்கிலப் பாடத்தை அவர்கள் அவ்வளவு ஊன்றிப் படித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தங்கள் தமிழை அவ்வளவு கவனித்ததும் அன்றைக்குத்தான்.

இரண்டாம் மொழியின் முதற்பயன் வேலைவாய்ப்பு என்றே எல்லாரும் சொல்கிறார்கள். ஆம்பூரின் ஷூ கம்பெனிகள் வெளிநாட்டு ஆர்டர்களை நம்பி நடப்பதைப் பார்க்கும் நமக்கு அதை மறுக்க வழியில்லை. ஆயினும் பள்ளி வயதுக் குழந்தைக்கு உடனே கைக்கு வரும் பயன் வேறு. தன் மொழி எப்படி அமைந்திருக்கிறது என்பதை அது வெளியே நின்று பார்க்கத் தொடங்குகிறது. ஒலிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் தட்டுதலைக் குறிக்கும் சொல்லையும் (pat) கிரிக்கெட் மட்டையைக் குறிக்கும் சொல்லையும் (bat) தமிழில் எழுதினால் இரண்டும் "பேட்" என்றே வரும். ஆங்கில ஆசிரியர் இரண்டையும் மாறிமாறிச் சொல்லிக் காட்டுவார்; பிள்ளைகள் காதுக்கு முதலில் வேறுபாடு பிடிபடாது. அந்த நேரத்தில் தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு "பம்பரம்" என்று மெதுவாகச் சொல்லச் சொல்வேன். முதல் பகரத்துக்குத் தொண்டை அதிர்வதில்லை. மகர மெய்யை அடுத்து வரும் இரண்டாம் பகரத்துக்கு அதிர்கிறது. ஆங்கிலத்துக்குத் தேவையான அந்த இரண்டு ஒலிகளும் அவர்கள் வாயில் எப்போதோ இருந்தன. எந்த இடத்தில் எந்த ஒலி வரும் என்பதைப் பெரும்பாலும் இடமே முடிவு செய்துவிடுவதனால் தமிழுக்கு இரண்டு எழுத்து தேவைப்படவில்லை. இதை உணரும்போது பிள்ளைகள் முகத்தில் வரும் வியப்பைக் கண்டவர்கள், ஆங்கிலம் கற்றால் தமிழ் தேய்ந்துவிடும் என்று அஞ்ச மாட்டார்கள்.

தெலுங்கு பேசும் பிள்ளைகள் என் செய்யுள் வகுப்புக்குச் செய்த உதவியையும் இங்கே குறிப்பிட வேண்டும். கேள்விக்குத் தரும் விடையைத் தொல்காப்பியம் "செப்பு" என்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்குச் செப்பு என்றால் விளையாட்டுச் சாமான், அல்லது செம்பு உலோகம். தெலுங்கு வீட்டுப் பிள்ளைக்கோ "செப்பு" என்றால் "சொல்" என்று பொருள். அம்மா காலை முதல் இரவு வரை வீட்டில் சொல்லும் சொல் அது. வீட்டை அவர்கள் "இல்லு" என்கிறார்கள். நம் செய்யுள்களில் வரும் "இல்" அதுவே. இரத்தத்துக்கு அவர்கள் சொல்லும் "நெத்துரு", சங்கப் பாடல்களின் "நெய்த்தோர்" என்ற சொல்லுக்கு உறவு. உரையைப் பார்த்தால் மட்டுமே பொருள் விளங்கும் என்று நாம் நினைக்கும் பழந்தமிழ்ச் சொற்கள் சில, பக்கத்து பெஞ்சுப் பிள்ளையின் அடுப்பங்கரையில் உயிரோடு இருக்கின்றன. ஒரு மொழியை மட்டும் அறிந்த வகுப்பில் இந்தச் செல்வம் கிடைக்காது.

மூளைக்கு உண்டாகும் நன்மையைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். இருமொழி அறிந்த குழந்தை மற்றக் குழந்தையைவிடக் கூர்மையானது என்று சிலர் உறுதியாகச் சொன்னாலும், ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று மாறுபடுவதால் நான் அதைத் தூக்கிப் பிடிக்கப் போவதில்லை. ஆனால் நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு என் மனத்தில் நின்றிருக்கிறது. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்து மருத்துவர்கள், முதுமையில் மறதி நோய்க்கு ஆளான 648 பேரை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட, ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகள் பேசியவர்களுக்கு அந்த நோய் ஏறக்குறைய நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியதைக் கண்டார்கள். எழுத்தறிவே இல்லாதவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது என்பதுதான் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டிய செய்தி. அவர்களுடைய இரண்டாம் மொழி சந்தையிலும் வேலைத்தலத்திலும் அண்டை வீட்டிலும் பேசிப் பேசி வந்தது.

பேசி வந்த மொழியின் வலிமையைப் பார்க்க நாம் ஹைதராபாத்துக்குப் போக வேண்டியதில்லை. 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணி பெரிய மருத்துவமனையாக வளர்ந்து, இன்று மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகளை வேலூருக்கு வரவழைக்கிறது. அதைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ் போர்டுகளில் வங்காள எழுத்தைக் காணலாம். சென்ற ஆண்டு என் மனைவியின் சிகிச்சைக்காக அங்கே சில நாள் தங்கியிருந்தபோது, அறையில் சமைத்துக்கொள்வோருக்கு ஸ்டவ்வும் பாத்திரமும் வாடகைக்குக் கொடுக்கும் ஓர் அம்மையாரைப் பார்த்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கைக்குழந்தையோடு வந்த ஒரு வங்காளப் பெண்ணிடம் அவர் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஜொர் ஆச்சே?" என்று கேட்டார். காய்ச்சல் இருக்கிறதா என்று பொருளாம். ஊர் விட்டு ஊர் வந்து, எந்தக் கவுன்ட்டரில் நிற்பது என்றும் தெரியாமல் இருந்த அந்தப் பெண், தன் மொழியைக் கேட்டதும் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். பாத்திர வாடகையைப் பேசும் முன்பு அந்த அம்மையார் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"எப்படியம்மா கற்றீர்கள்?" என்று பிறகு கேட்டேன். "வர்றவங்க பேசுறதக் கேட்டுக் கேட்டுத்தான் ஐயா. தப்பாச் சொன்னா அவங்களே திருத்துவாங்க. சிரிச்சாலும் அன்பாச் சிரிப்பாங்க" என்றார். மொழி கற்பித்தல் பற்றி நான் கலந்துகொண்ட பயிற்சி வகுப்புகளில் இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. நாள்தோறும் காதில் விழுவது, பேசியே ஆக வேண்டிய தேவை, தவறு செய்தால் அவமானம் இல்லாமை ஆகிய மூன்றும் அவருக்குக் கிடைத்தன.

இந்த மூன்றில் ஒன்றாவது நம் பள்ளி ஆங்கில வகுப்பில் இருக்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது. 1968ஆம் ஆண்டின் இருமொழிக் கொள்கைப்படி தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தமிழும் ஆங்கிலமும் கற்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் ஒரு பாடம். என் மாணவன் ஒருவன், பத்தாம் வகுப்பில் ஆங்கிலப் பாராகிராஃப் ஒன்றைக் கைடில் இருந்தபடியே, கமா கூடப் பிசகாமல் எழுதுவான். ஒரு நாள் ஆய்வுக்கு வந்த அலுவலர் அவனிடம் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவன் காலையில் பழைய சோறு சாப்பிட்டிருந்தான். அது எனக்குத் தெரியும். இரண்டு நிமிடம் நின்றான். உதடு அசைந்ததே தவிர ஒரு சொல்லும் வரவில்லை. பிறகு, தெரிந்த பாராகிராஃபை ஒப்பிக்கத் தொடங்கிவிட்டான். அவன் சோம்பேறி இல்லை. அவனுக்குக் கற்பித்தவரும் கடமை தவறியவர் இல்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு உள்ள நூறு மதிப்பெண்ணும் தாளில் எழுதுவதற்கே. வாய் திறந்து பேசுவதற்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. ஐம்பது பிள்ளைகளையும் தேர்ச்சி விழுக்காட்டையும் தோளில் சுமக்கும் ஆசிரியர், மதிப்பெண் வராத வேலைக்கு எங்கிருந்து நேரம் எடுப்பார்?

அரசுப் பள்ளியில் குறை மனப்பாடம் என்றால், தனியார் ஆங்கிலவழிப் பள்ளிகள் சிலவற்றில் குறை வேறு. என் பேத்தி முதலில் சேர்ந்த பள்ளியில், வளாகத்துக்குள் தமிழ் பேசினால் பத்து ரூபாய் அபராதம். ஆறு வயதுக் குழந்தை, கழிவறைக்குப் போக வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல், தமிழில் சொல்லவும் அஞ்சி, மாலை வரை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து வயிற்று வலியால் துடித்தாள். மறுவாரமே வேறு பள்ளியில் சேர்த்தோம். அந்தக் குழந்தைக்கு ஆங்கிலத்தின் மேல் வந்த அச்சம் போக இரண்டு ஆண்டுகள் ஆயின. முதல் மொழியின் வாயை அடைத்துவிட்டு இரண்டாம் மொழியைப் புகட்ட முடியாது. நான் மேலே சொன்ன நன்மைகள் எல்லாம் இரண்டு மொழிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதிலிருந்து வருபவை. அருகில் வைக்க ஒன்று இல்லாவிட்டால் ஒப்பிடுவது எதை?

இதே நியாயத்தைத் தமிழ் நமக்குத் தாய்மொழி என்ற உரிமையோடு பேசும் நாமும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி பள்ளிப் பிள்ளைகள் தமிழை முதற்பகுதியாக, அதாவது கட்டாயப் பாடமாகப் படிக்க வேண்டும். தமிழ்நாட்டில் வாழும் பிள்ளைக்குத் தமிழ் தேவை என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. தெலுங்கும் உருதுவும் பேசும் பிள்ளைகள் தங்கள் மொழியை நான்காம் பகுதியாக, அதாவது விருப்பப் பாடமாகப் படிக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. அதற்கான ஆசிரியரும் புத்தகமும் காலத்தில் கிடைத்தால்தான் அந்த இடம் உண்மையில் இருப்பதாகப் பொருள். "மனமு, மேமு" என்று எழுந்து சொன்ன மாணவிக்கு வீட்டு மொழியை எழுதப் படிக்கவும் தெரிந்திருந்தால், அவள் தமிழுக்கு இன்னும் எவ்வளவோ கொண்டுவந்திருப்பாள்.

மூன்றாம் மொழி வேண்டுமா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. கைவசம் உள்ள இரண்டைச் செம்மையாகக் கற்பிக்காத வரை எண்ணிக்கையைக் கூட்டுவதால் பிள்ளைக்கு இன்னொரு கைடு கூடுமே தவிர வேறொன்றும் கூடாது என்பது என் கருத்து. தங்கள் நாளிதழ் வாயிலாகப் பள்ளிக் கல்வித் துறையை நான் கேட்டுக்கொள்வது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில், அறிவியலுக்குச் செய்முறை இருப்பதுபோல், கேட்டலுக்கும் பேசுதலுக்கும் இருபது மதிப்பெண்ணாவது ஒதுக்க வேண்டும். மதிப்பெண் வந்துவிட்டால் மற்றது தானாக வரும். ஆசிரியருக்கு நேரம் கிடைக்கும், பெற்றோர் கேள்வி கேட்பார்கள், கைடு போடுவோர்கூட வழியை மாற்றிக்கொள்வார்கள். தொடக்க வகுப்புகளில் எழுத்துக்கு முன்பாகக் காதுக்கு வேலை கொடுக்க வேண்டும். தினமும் ஒரு கதையை ஆசிரியர் ஆங்கிலத்தில் நடித்துச் சொல்லி, பிள்ளைகள் அதைத் தமிழிலோ தெலுங்கிலோ உருதுவிலோ திருப்பிச் சொல்லும் பதினைந்து நிமிடம் போதும். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் வாரம் ஒரு பாடவேளை சேர்ந்து வகுப்பெடுக்க அனுமதி வேண்டும். அந்த ஒரு வேளைக்கு நானும் என் சக ஆசிரியரும் தலைமையாசிரியரிடம் தனியாகக் கேட்டு, கால அட்டவணையில் காட்டாமலே நடத்த வேண்டியிருந்தது.

குடியாத்தம் பகுதியில் எந்த அரசுப் பள்ளியாவது இப்படி ஒரு பாடவேளையைத் தொடங்க முன்வந்தால், சனிக்கிழமைகளில் நான் வந்து இயன்றதைச் செய்யக் காத்திருக்கிறேன். என்னுடன் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவரும், உருது ஆசிரியை ஒருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.